ஓட்டைக் குழாயில் பிறந்த பாலிதீன்!

காலையில் எழுந்ததும் உங்கள் கை முதலில் எதைத் தொடுகிறது? வாசலில் மாட்டியிருக்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை! அந்தப் பாக்கெட் பாலிதீன். குளிக்கப் போகிறீர்கள். தண்ணீர் வருவது மொட்டைமாடியில் குந்தியிருக்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து. அதுவும் பாலிதீன்தான். தலைக்கு ஷாம்பு... பாட்டில்? பாலிதீன். தெருக்குழாயில் வரிசையாக நிற்கிற பச்சை, மஞ்சள், ஊதாக் குடங்கள்கூட அந்தக் குடும்பத்து வாரிசுகள்தான். காலை எட்டு மணிக்குள் இத்தனை தடவை இந்த ஆசாமியைத் தொட்டுவிடுகிறோம். ஆனால், இது யார், எங்கே பிறந்தது என்று ஒருநாளாவது விசாரித்திருக்கிறோமா?

இன்று உலகத்தில் மிக அதிகமாகத் தயாராகும் பிளாஸ்டிக் இதுதான். ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன்! இவ்வளவு பெரிய ஆசாமி பிறந்தபோது எடை எவ்வளவு தெரியுமா? அரை கிராம்கூட இல்லை. அதுவும் யாரும் கேட்காமல், வேண்டாத பிள்ளையாகப் பிறந்தது.

இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் நார்த்விச் என்று ஓர் ஊர். பக்கத்திலேயே வின்னிங்டன். பூமிக்கடியில் உப்புப் படிவங்கள் நிறைந்த பகுதி. உப்பு இருந்ததால் சோடா தொழிற்சாலை வந்தது. பிற்பாடு அது ஐ.சி.ஐ. என்ற மாபெரும் கம்பெனியின் ஓர் அங்கமாயிற்று. 1930களின் ஆரம்பத்தில் அங்கிருந்த விஞ்ஞானிகளுக்கு ஒரு புது உற்சாகம். 'பொருட்களை மிக மிக அதிகமான அழுத்தத்தில் வைத்து நசுக்கினால் என்ன ஆகும்?' என்று பார்க்கும் ஆராய்ச்சி. அழுத்தம் என்றால் சாதாரண அழுத்தம் இல்லை. உங்கள் வீட்டுப் பிரஷர் குக்கருக்குள் இருப்பது வெளிக்காற்றைப்போல் சுமார் 2 மடங்கு. அவர்கள் ஏற்றியது கிட்டத்தட்ட 2000 மடங்கு!

ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் என்று இரண்டு இளைஞர்கள். 1933 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. எதிலீன் என்ற வாயுவையும், பாதாம் வாசனை வீசும் பென்சால்டிஹைடு என்ற திரவத்தையும் ஒரு தடித்த எஃகுப் பாத்திரத்தில் அடைத்தார்கள். 170 டிகிரி சூடு. சுமார் 1900 மடங்கு அழுத்தம். 'ரெண்டும் சேர்ந்து புதுசா ஏதாவது ஆகுதா பார்க்கலாம்' என்று அப்படியே விட்டுவிட்டு வார விடுமுறைக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை வந்து திறந்தால்... ஏமாற்றம். எங்கோ ஓர் இணைப்பில் கசிவு. பென்சால்டிஹைடு வெளியேறிப் போயிருந்தது. எதிர்பார்த்த புதுப் பொருள் எதுவும் இல்லை. ஆனால், உள்ளே இருந்த குழாயின் நுனியில் மட்டும் மெழுகில் தோய்த்து எடுத்ததுபோல் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குழாயில் மெழுகு மாதிரி ஒரு திடப்பொருள் இருந்ததாக கிப்சன் தன் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தார். அவ்வளவுதான். உலகத்தின் முகத்தை மாற்றப் போகிற பொருளின் ஜாதகம் இப்படி ஒரே வரியில் எழுதப்பட்டது.

(ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிட வேண்டும். 1898-லேயே ஹான்ஸ் ஃபான் பெக்மன் என்ற ஜெர்மானிய வேதியியல்காரர் வேறொரு வழியில் இதே மாதிரி வெள்ளைப் பொருள் ஒன்றைப் பார்த்துவிட்டார். 'இதை வெச்சு என்ன பண்றது?' என்று யாருக்கும் தோன்றவில்லை. விஷயம் ஆராய்ச்சிப் பத்திரிகையிலேயே தூங்கிப் போனது.)

கிப்சனும் ஃபாசெட்டும் இன்னொரு தரம் செய்து பார்த்தார்கள். இந்தத் தடவை டமால்! இணைப்புகளும் அழுத்தமானியும் பிய்த்துக்கொண்டு பறந்தன. 'உயிருக்கே உலை வைக்கிற சமாச்சாரம்' என்று ஆராய்ச்சி நிறுத்தி வைக்கப்பட்டது. 1935-ல் கேம்பிரிட்ஜில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டமொன்றில் ஃபாசெட் எழுந்து, 'எதிலீனை நீளச் சங்கிலியாகக் கோக்க முடியும், நாங்கள் பார்த்தோம்' என்று சொன்னார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாலிமர் துறையின் பிதாமகர் என்று மதிக்கப்பட்ட ஹெர்மன் ஸ்டாடிங்கரே நம்பவில்லை. அப்போது கம்பெனி இதற்குப் பேடன்ட்கூட வாங்கியிருக்கவில்லை. யாராவது அந்தப் பேச்சைக் காதில் வாங்கியிருந்தால் கதையே மாறியிருக்கும்! சில சமயம் பெரியவர்களின் அலட்சியம்கூட உதவி செய்துவிடுகிறது.

அதே 1935 டிசம்பரில் மைக்கேல் பெரின் என்பவரும் சகாக்களும், இன்னும் உறுதியான கருவிகளோடு மறுபடி இறங்கினார்கள். இந்தத் தடவை பாதாம் வாசனை எல்லாம் இல்லை. வெறும் எதிலீன். அழுத்தம் ஏற்றினார்கள். முள் இறங்க ஆரம்பித்தது. இன்னும் வாயுவை உள்ளே செலுத்தினார்கள். திரும்ப இறங்கியது. திறந்து பார்த்தால், சுமார் 8 கிராம் வெள்ளைப் பொடி!

அழுத்தம் ஏன் இறங்கியது? ஒரு காரணம், வாயு கெட்டியாக மாறிக்கொண்டிருந்தது. இன்னொரு காரணம் - பழைய நண்பர்தான் - கசிவு! அந்தக் கசிவை ஈடுகட்டப் புதிதாகச் செலுத்திய எதிலீனில் துளியூண்டு ஆக்ஸிஜன் கலந்திருந்தது. அந்த ஆக்ஸிஜன்தான் எதிலீன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கைகோக்கத் தூண்டிவிட்டது என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பாலில் உறைமோர் ஊற்றுகிற மாதிரி. ஆனால், அளவு ரொம்ப முக்கியம். ஆக்ஸிஜன் குறைந்தால் ஒன்றும் நடக்காது. கூடினால் பாத்திரம் வெடிக்கும். அன்றைக்குக் கசிவு இல்லாமல் ஒழுங்கான குழாயாக இருந்திருந்தால், புது வாயு உள்ளே போயிருக்காது. பாலிதீனும் அன்றைக்குக் கிடைத்திருக்காது!

சரி, அந்த வெள்ளைப் பொடியில் அப்படி என்னதான் விசேஷம்? கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

எதிலீன் என்பது ரொம்பச் சின்ன மூலக்கூறு. இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். இவற்றை ஆயிரக்கணக்கில் பூச்சரம்போல் தொடுத்தால் பாலிதீன். 'பாலி' என்றால் கிரேக்க மொழியில் பல. சரத்தில் வேறு எந்தப் பூவும் கிடையாது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. அதனால் தண்ணீர் ஒட்டாது, உள்ளே புகாது. சாதாரண அமிலம், உப்பு எதற்கும் அசையாது. மின்சாரத்தைக் கடத்தாது. தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் மிதக்கும்.

பிளாஸ்டிக்கில் இரண்டு ஜாதி. உறைந்த நெய்யைச் சூடாக்கினால் உருகும், ஆறினால் உறையும். திரும்பத் திரும்பச் செய்யலாம். ஆனால், வேகவைத்த முட்டையைத் திரும்ப உடைத்து ஊற்ற முடியுமா? ரேடியோப் பெட்டிக்கும் ஸ்விட்ச்சுக்கும் பயன்பட்ட பழைய பேக்லைட், முட்டை ஜாதி. பாலிதீன், நெய் ஜாதி. இதற்குத்தான் தெர்மோபிளாஸ்டிக் என்று பெயர். நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனால் இளகிவிடும். இளகியதை முறுக்கு அச்சில் பிழிவதுபோல் பிழிந்தால் குழாய். பிழியும்போதே நடுவில் செம்புக் கம்பியை ஓடவிட்டால், மேலே உறை போட்ட ஒயர். குழாயாகப் பிழிந்து உள்ளே காற்றை ஊதி பலூன் மாதிரி உப்பவைத்தால், மெல்லிய பை. அச்சுக்குள் வைத்து ஊதினால் பாட்டில், குடம். பொடியாக அச்சில் போட்டு, சூட்டில் அச்சையே சுழற்றோ சுழற்று என்று சுழற்றினால், அந்த மொட்டைமாடித் தொட்டி! (தொட்டி ஏன் கறுப்பு? வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்தான் பாலிதீனுக்கு எதிரி. அதைத் தடுக்கக் கரிப்பொடி கலக்கிறார்கள்.)

ஆனால், 1936-ல் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? பேடன்டுக்கு மனு போட்டுவிட்டு, 'இதை யாரிடம் விற்பது?' என்று கம்பெனி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. முதலில் ஆர்வம் காட்டியவர்கள் கடலடித் தந்திக் கம்பி போடுபவர்கள். அதுவரை அந்தக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டது கட்டாப்பெர்ச்சா என்கிற மரப்பால். மலாயா, போர்னியோ காடுகளில் வளரும் மரம். அந்தப் பாலை எடுக்க ரப்பர் மாதிரி கீறினால் போதாது, மரத்தையே வெட்டிச் சாய்ப்பார்கள். உலகத்தின் சமுத்திரங்களுக்கு அடியில் கம்பி போட, மரம் மரமாகக் காடு அழிந்தது. அந்த இடத்துக்குத்தான் பாலிதீன் மாற்று வீரராக வந்தது. இன்று சுற்றுச்சூழல் வில்லனாகப் பேசப்படும் ஆசாமி, ஒரு காட்டு மரத்துக்குப் பதிலாக வேலைக்கு அமர்ந்தவர்!

உற்பத்திக்கென்று தனித் தொழிற்சாலை கட்டினார்கள். அது ஓடத் துவங்கிய தேதி 1939 செப்டம்பர் 1. சரித்திரம் படித்தவர்களுக்கு அந்தத் தேதி தெரிந்திருக்கும். அன்று அதிகாலையில்தான் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன.

கடலடிக் கம்பி பின்னுக்குப் போயிற்று. முன்னுக்கு வந்தது ரேடார். வானத்தில் எதிரி விமானம் வருவதைக் கண்டுபிடிக்கும் கருவி. தரையில் பெரிய கோபுரம் நட்டு ரேடார் வைப்பதில் சிக்கல் இல்லை. ஆனால், அதை விமானத்துக்குள்ளேயே வைக்க வேண்டுமே? ரேடார் அலைகள் மிக அதிக அதிர்வெண் கொண்டவை. அவற்றைச் சுமக்கும் கம்பியின் உறை சரியில்லை என்றால், சக்தியெல்லாம் வழியிலேயே சூடாகி வீணாகிவிடும். உறை எடை குறைவாக இருக்க வேண்டும், வளைய வேண்டும், ஈரத்துக்கும் மேலே உயரத்தில் அடிக்கும் குளிருக்கும் தாங்க வேண்டும். இத்தனை நிபந்தனைக்கும் 'ஆமாம்' என்று தலையாட்டியது பாலிதீன். பிரிட்டிஷ் ரேடாரின் தந்தை எனப்படும் ராபர்ட் வாட்சன்-வாட், ஏறக்குறையத் தீர்க்கவே முடியாதிருந்த விமான ரேடார் பிரச்னைகளைச் சுலபமாகச் சமாளிக்கும்படி செய்தது பாலிதீன்தான் என்று பிற்பாடு பாராட்டினார்.

அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள், பிரிட்டனுக்கு உணவும் ஆயுதமும் கொண்டுவந்த கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தன. இரவில் மேலே வந்து பாட்டரியை சார்ஜ் செய்துகொள்ளும். இருட்டில் யார் கண்ணிலும் படாது. ரேடார் பொருத்திய விமானங்களின் கண்ணில் பட்டது! 1943 மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன. ஜெர்மன் கடற்படைத் தலைவர் டூனிட்ஸ் மிச்சமிருந்தவற்றை வடக்கு அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கச் சொன்னார். இந்த வெற்றிக்கு சங்கேத மொழியை உடைத்தவர்கள், புது ஆயுதங்கள், கப்பல் காவல் என்று பல காரணங்கள். அந்தப் பட்டியலில் குழாய் நுனியில் ஒட்டியிருந்த மெழுகுக்கும் ஓர் இடம் உண்டு.

யுத்தம் முடிந்தது. ராணுவ ஆர்டர் நின்றது. 'இப்போ யாரிடம் விற்பது?' என்ற பழைய கேள்வி திரும்ப வந்தது. பதில் சமையலறையில் இருந்தது.

அமெரிக்காவில் எர்ல் டப்பர் என்பவர், ட்யூபான்ட் கம்பெனியிடமிருந்து கிடைத்த பாலிதீன் கழிவைச் சுத்தம் செய்து, காற்றுப் புகாத மூடியோடு டப்பாக்கள் செய்தார். 1946-ல் கடைக்கு வந்தது. சீந்துவாரில்லை. மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்றே ஜனங்களுக்குப் புரியவில்லை! பிரௌனி வைஸ் என்ற பெண்மணிதான் வழி கண்டுபிடித்தார். கணவனைப் பிரிந்து மகனை வளர்த்து வந்தவர். அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டுக்கு அழைத்து, டீ கொடுத்து, டப்பாவில் ஏதாவது ஊற்றி மூடிக் குலுக்கிக் காட்டி விற்றார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. டப்பர் தன் சரக்கைக் கடைகளிலிருந்தே வாபஸ் வாங்கிவிட்டு, வீட்டு விற்பனையை முழுக்க பிரௌனியிடம் ஒப்படைத்தார். 1954-ல் 'பிசினஸ் வீக்' பத்திரிகையின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 1958-ல் டப்பர் அவரை வேலையைவிட்டு அனுப்பினார். கம்பெனியில் ஒரு பங்குகூட பிரௌனி பெயரில் இல்லை. ஒரு வருஷச் சம்பளம் மட்டும் கிடைத்தது. அதே ஆண்டில் டப்பர் கம்பெனியை விற்றார். விலை, 1 கோடியே 60 லட்சம் டாலர்.

இதற்கிடையே ஜெர்மனியின் முல்ஹைம் நகரத்தில் இன்னொரு விபத்து. 1953-ல் கார்ல் ஸீக்ளர் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வில், சரியாகக் கழுவாத பாத்திரத்தில் மிச்சமிருந்த நிக்கல் துணுக்கு ஒன்று எதிர்பாராத வேலை பார்த்தது. 'ஒரு உலோகம் இப்படிக் கெடுக்கிறது என்றால், இன்னொரு உலோகம் உதவுமா?' என்று வரிசையாகத் தேடினார்கள். டைட்டானியம் மாட்டியது. 2000 மடங்கு அழுத்தமும் வேண்டாம், பெரிய சூடும் வேண்டாம். ஊறுகாய் ஜாடி மாதிரியான கண்ணாடி ஜாடியிலேயே பாலிதீன் தயாரானது! இந்தச் சங்கிலிகளில் கிளைகள் மிகக் குறைவு. அதனால் நெருக்கமாக அடுக்கிக்கொண்டு கெட்டியாக இருந்தன. பழையது பைக்கும் பாக்கெட்டுக்கும், புதியது குடத்துக்கும் பக்கெட்டுக்கும் என்று வேலை பிரிந்தது. ஸீக்ளருக்கு 1963-ல் இத்தாலியின் நட்டாவோடு சேர்த்து நோபல் பரிசு. அமெரிக்காவில் ஹோகன், பேங்க்ஸ் என்ற இருவர் குரோமியத்தை வைத்து 1951-லேயே கெட்டி பாலிதீன் செய்துவிட்டார்கள். ஆனால், ஆரம்பத்தில் தரம் நிலையாக வரவில்லை. கிடங்குகளில் தேங்கிய சரக்கைக் காப்பாற்றியது எது தெரியுமோ? இடுப்பில் சுற்றும் ஹூலா ஹூப் வளையம்! 1958-ல் அமெரிக்கா முழுக்கப் பிடித்த பைத்தியம் அது. கோடிக்கணக்கில் விற்றது.

இந்தக் கெட்டி பாலிதீன் ஒரு புண்ணியமும் செய்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர், தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டிருந்தார். கிண்ணம் டெஃப்லானில். சில வருஷங்களிலேயே தேய்ந்துபோய், சுமார் 300 நோயாளிகள் வலியோடு திரும்பி வந்தார்கள். மனிதர் ஒடிந்துபோனார். அப்போது ஒரு விற்பனைப் பிரதிநிதி மிக நீளமான சங்கிலி கொண்ட பாலிதீன் துண்டைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, 'இது ஆகாது' என்று போய்விட்டார். அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவனுக்கு மனசு கேட்கவில்லை. முதலாளி ஊரில் இல்லாத நேரத்தில் அதைத் தேய்மான மெஷினில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை! 1962 நவம்பரில் முதல் பாலிதீன் கிண்ணம் ஒரு மனித உடம்புக்குள் போனது. இன்று இடுப்பு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு நடமாடும் எத்தனையோ பாட்டி தாத்தாக்களுக்குள் அதன் வழித்தோன்றல்தான் இருக்கிறது.

இதுவரை ஹீரோ. இனிமேல்தான் வில்லன்.

ஸ்வீடனில் ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற பொறியாளர், பாலிதீன் குழாயைத் தட்டையாக்கி, அடியில் சூட்டால் ஒட்டி, மேலே கைப்பிடிக்கு வெட்டி, ஒரே துண்டில் ஒரு பை செய்தார். 1965-ல் அமெரிக்கப் பேடன்ட் கிடைத்தது. அதுதான் கடைக்காரர் நம்மிடம் நீட்டும் 'கேரி பேக்'. சில கிராம் எடை. பல கிலோ தாங்கும். விலை ஏறக்குறைய இல்லை. விலையே இல்லாத பொருளை யார் பத்திரப்படுத்துவார்கள்? வாங்கிவந்த கத்திரிக்காய் கூடைக்குப் போனதும் பை தெருவுக்குப் போயிற்று.

எந்தக் குணத்துக்காக அதைக் கடலுக்கடியில் போட்டோமோ, எந்தக் குணத்துக்காக மனிதன் இடுப்பில் வைத்தோமோ, அதே குணம்தான் இங்கே எதிரியாக வந்து நின்றது. அசையாது, மக்காது, அழுகாது. மண்ணில் இருக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு அந்தச் சங்கிலியை எங்கே கடிப்பது என்றே தெரியவில்லை. வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது. பொடியானாலும் அது பாலிதீன்தான். பங்களாதேஷில் 1988, 1998 வெள்ளங்களில் சாக்கடைகளை அடைத்து நிலைமையை மோசமாக்கியதில் இந்தப் பைகளுக்கும் பங்கு இருந்தது. 2002-ல் அந்த நாடு மெல்லிய பாலிதீன் பைகளுக்குத் தடை போட்டது. நம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2022-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 17 பேர் ரத்தத்தில் பிளாஸ்டிக் நுண்துகள்! அவற்றில் பாலிதீனும் இருந்தது.

அப்படியானால் இதைத் திரும்ப உருக்கி உபயோகிக்க வேண்டியதுதானே? நெய் ஜாதி ஆயிற்றே? முடியும். ஆனால், எண்ணெயும் சாம்பாரும் ஒட்டிய, பல ரகம் கலந்த மெல்லிய பைகளைப் பொறுக்கி, கழுவி, பிரிக்கிற செலவு, புதுப் பை செய்கிற செலவைவிட அதிகம். அங்கேதான் வண்டி நிற்கிறது.

மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் இதற்கு ஒரு குறுக்குவழி யோசித்தார். குப்பைப் பிளாஸ்டிக்கைச் சின்னச் சின்னதாக நறுக்கி, ரோடு போடும் ஜல்லியைச் சூடாக்கி அதன்மேல் தூவினால், உருகி ஜல்லிமேல் மெல்லிய தோல்போல ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் தார். தண்ணீர் உள்ளே இறங்காது, தாரும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே ரோடு போட்டுக் காட்டினார். பிறகு பல ஊர்களுக்குப் போயிற்று. 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால், நாம் வீசுகிற வேகத்துக்கு ரோடு போட ஊர் போதாது!

பாலிதீனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அது சொன்ன பேச்சைக் கேட்கிற பொருள். 'கெடாதே' என்றோம், கெடாமல் இருக்கிறது. இருபது வருஷம் நிற்க வேண்டிய தொட்டியாகவோ, பாட்டி இடுப்பில் கிண்ணமாகவோ அது இருக்கும்போது நமக்கு லாபம். பத்து நிமிஷம் கத்திரிக்காய் தூக்கி வருவதற்கு, நூறு வருஷம் தாங்கும் ஒரு பொருளைக் கூப்பிட்டதுதான் நாம் செய்த தப்பு. நம் தாத்தா மார்க்கெட்டுக்குப் போகும்போது மஞ்சள் துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். கிண்டல் செய்தோம்.

1935 டிசம்பரில் வின்னிங்டனில் அந்தக் குழாய் கசிந்தது நல்லதற்குத்தான். ஆனால், இப்போது கசிவது நம் குப்பைத் தொட்டி. போய்ச் சேருகிற இடம் கடல். இந்தக் கசிவை அடைக்க, கக்கத்தில் அந்தத் துணிப்பையைத் திரும்பச் செருகிக்கொள்வதிலிருந்து ஆரம்பிக்கலாம்.